மாமி காட்டும் ஃபேன்

1

எங்கள் பொலிஸ் ஜீப்பின் ஓட்டப் பதிவுப் புத்தகம் சென்ற வாரம் முடிந்தது. எந்தத் திகதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீற்றர், என்ன காரியம் என்று ஒவ்வொரு பயணத்தையும் அதில் எழுத வேண்டும். பழைய புத்தகத்தை அலுமாரிக்குள் வைக்கு முன் சும்மா புரட்டிப் பார்த்தேன். சரியாக ஒரு வருடத்துக்கு முந்திய பக்கத்தில், என் கையெழுத்தில், "சிறையிலிருந்து ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்தது" என்று இருந்தது.

வாசித்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். வெளியே போய் நாய்களுக்குத் தண்ணீர் வைத்தேன். பிறகுதான், ஒன்றும் தோன்றாமல் போனதே யோசனையாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் என்னோடு படித்த ஒருவன் ஒவ்வொரு பெருநாளைக்கும் அழைப்பான். கல்முனை பஸார் இரைச்சலுக்குள் நின்றுகொண்டு, "மச்சான், நீ அவுஸ்திரேலியாப் பொலிஸ். ஒனக்கென்ன, ராசா மாதிரி இரிப்பாய்" என்பான். நானும் சிரித்துவிட்டு ஓம் என்பேன். ராசாவின் அரண்மனையைப் பற்றிச் சொல்கிறேன். நாட்டின் நடுவே செம்மண் பாலை. பட்டணத்துக்கு நானூற்று முப்பது கிலோமீற்றர், அதில் பாதி மண் ரோட்டு. பூர்வகுடி மக்கள் முந்நூறு பேர் வாழும் ஒரு குடியிருப்பு. ஒரு பாடசாலை, ஒரு கிளினிக், ஒரு கடை, ஒரு பொலிஸ் நிலையம். நிலையத்தில் இரண்டே பேர், சார்ஜன்டும் நானும். கைகலப்பு என்று வந்தால் உதவிக்கு ஆள் வர நாலு மணித்தியாலம் ஆகும். அதற்குள் அடித்தவனும் அடிபட்டவனும் சமாதானமாகி ஒரே காரில் போய்விடுவார்கள்.

மனைவி பர்ஸானாவும் மகள் ஹனாவும் தெற்கே நகரத்தில். மகளின் படிப்புக்காக அப்படி. இரண்டு வருடம் பாலையில் வேலை செய்தால் நகரத்துக்கு மாற்றம் தருவதாகச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். நான் வந்து நாலாவது வருடம் நடக்கிறது. ஏன் என்பதும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது.

2

நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அம்பாறைக் கரையோரத்து வாசகர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. இங்கே என்னுடன் வேலை செய்தவர்களுக்குச் சொன்னால் மட்டும் வாயைப் பிளப்பார்கள். "மாமியார் வீட்டிலா? எப்படித் தாக்குப்பிடித்தாய்?" என்று கேட்பார்கள். தாக்குப்பிடிக்க என்ன இருக்கிறது? நற்பிட்டிமுனைப் பக்கம் மாமியின் வீட்டில் நான் நாலு வருடம் இருந்தேன். அந்த நாலு வருடத்தில் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தது பத்துத் தடவைக்கு மேல் இராது.

மாமி குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார். என்னோடு நேராக அல்ல, மகளோடு. "அவருக்குச் சொல்லு புள்ள, மீன் ஆறுது எண்டு." நான் அதே அறையில் இருப்பேன், அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு. நானும் பர்ஸானாவிடம்தான் பதில் சொல்வேன், "வாறன் எண்டு சொல்லுங்க." சாப்பாட்டில் குறை வைத்தவர் அல்ல. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி அடுப்பில் கொதிக்கும். ஆனால் நான் முற்றத்தில் இருந்தால் அவர் வேலிப் பக்கமாகச் சுற்றித்தான் போவார். அது மரியாதை. அந்த மரியாதை இல்லாத வீடு எனக்கு வீடு மாதிரியே படாது.

எல்லாரிடமும் அப்படி அல்ல. மாமியின் தங்கச்சி, எங்கள் சின்னமாமி, அடுத்த வளவில்தான் இருந்தார். அவரோடு நான் பகிடி விடுவேன். என் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார், நான் அவருடைய வட்டிலப்பத்தைக் குறை சொல்வேன். நம் ஊரில் அந்த வெட்கம் பெண்சாதியைப் பெற்ற தாயோடு நின்றுவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் புறப்பட்டு வந்த பிறகு வீடியோ அழைப்பு வந்தது. பலகைக் கதவு போய்விட்டதே, மாமி என்ன செய்வார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. போனை மேசையில் மல்லாத்தி வைத்தார். எனக்குத் தெரிவது மேலே சுற்றும் ஃபேன் மட்டும். பன்னிரண்டு வருடமாக நான் அந்த ஃபேனோடுதான் கதைக்கிறேன். ஒரு இதழில் துருப்பிடித்த புள்ளி இருக்கிறது. அது வரவரப் பெருத்து வருகிறது.

3

இங்கே பொலிஸ் வேலையில் கஷ்டம் என்ன என்று கேட்டால், பயிற்சிக் கல்லூரியில் தூரம், வெயில், ஆள் பற்றாக்குறை என்று சொல்லித் தருவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் கண்ட பெரிய கஷ்டம் ஒன்றுண்டு. குடியிருப்பு மக்களிடம் என்ன கேட்டாலும் ஓம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது, நாலாவது மொழி. துப்பாக்கி கட்டியவன் எதிரில் நின்று, நீண்ட கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு முழித்துப் பார்த்தால், ஓம் என்று சொல்லி அவனை அனுப்பிவிடுவதுதான் லேசான வழி. எனக்கு இது புதிதல்ல. நான் சிறுவனாக இருந்தபோது வாப்பாவின் சைக்கிள் காணாமல் போய், முறைப்பாடு கொடுக்க அவரோடு ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். எழுதியவருக்குத் தமிழ் வராது, வாப்பாவுக்குச் சிங்களம் வராது. அவர் கேட்டதற்கெல்லாம் வாப்பா "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். கடைசியில் சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்தும் வைத்தார். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோதுதான் தெரிந்தது, சைக்கிள் கிடைத்துவிட்டது, பெற்றுக்கொண்டேன் என்று வாப்பா ஒப்பமிட்டிருக்கிறார். இதைச் சொல்லி வீட்டில் வருடக்கணக்காகச் சிரித்தோம். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை, அவர் நடந்தே வேலைக்குப் போனார்.

ஆகவே எனக்கு இந்த மக்களைத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, அதில் பெருமையும் பட்டேன். வாப்பாவின் காக்காவை, அதாவது அண்ணனை, அவர்களும் வாப்பா என்றுதான் சொல்வார்கள். உம்மாவின் தங்கச்சி அவர்களுக்கும் உம்மாதான். மச்சான் வேறு, அண்ணன் தம்பி வேறு. சார்ஜன்ட் ஒரு குடும்பத்துக்குப் படம் வரைந்து, கோடு போட்டு, தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். நான் எட்டிப் பார்த்து, "இவர் அவருக்குத் தாய்மாமன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன்.

வந்த முதல் வாரம் நிலையத்துக் குசினிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தாளைச் சார்ஜன்ட் காட்டினார். புதிதாக வருகிறவர்களுக்கு உள்ளூர் வழக்கங்களைச் சொல்லும் தாள், பன்னிரண்டு வரி, மேலே பிளாஸ்டிக் உறை. "எனக்கு இது தேவையில்லை. எங்கள் ஊரிலும் இதேதான்" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார் என்று நினைக்கிறேன்.

4

இனி அந்த மனிதரைப் பற்றி. அவர் பெயரை எழுதமாட்டேன். பழைய கார்களைத் திருத்துகிறவர், ஆகவே மெக்கானிக் என்றே சொல்கிறேன். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். முன்பு ஒரு தடவை சண்டையில் அகப்பட்டு, இனியொரு வழக்கு வந்தால் உள்ளேதான் என்ற எச்சரிக்கையோடு வெளியே இருந்தார்.

ஒரு நாள் காலையில் கடை உடைக்கப்பட்டிருந்தது. கடைக்காரரின் வாகனத்தையும் யாரோ கொண்டுபோய் ஆற்று மணலில் விட்டு எரித்துவிட்டார்கள். பின்வாசல் பூட்டருகே ஒரு ஸ்பானர் கிடந்தது. அது மெக்கானிக்குடையது என்று குடியிருப்புக்கே தெரியும். அவரைக் கூட்டிவந்தோம். விசாரணையை ஒலிப்பதிவு செய்ய வேண்டும், அதற்கு அவர் மொழி தெரிந்த ஆள் வேண்டும். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் பதினாறு நாளைக்குக் கிடைக்கமாட்டார் என்றார்கள். சார்ஜன்ட் அன்று பட்டணத்தில். ஒருவரைப் பிடித்துவைத்தால் இத்தனை மணித்தியாலத்துக்குள் வழக்குப் போடு, இல்லாவிட்டால் விடு என்று சட்டம்.

கிளினிக்கில் சுகாதார உதவியாளராக ஒரு பெண் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். நான் மனதுக்குள் அவரை ராத்தா, மூத்த சகோதரி, என்றுதான் சொல்வது. என் கையில் முள் குத்திச் சீழ் வைத்தபோது என்னைத் திட்டிக்கொண்டே கழுவிக் கட்டியவர் அவர். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது நம் ஊர்ப் பேச்சாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"அது எனக்குச் சரிவராது. வேற ஆளப் பாருங்க" என்றார்.

"வேற ஆரு இரிக்கி? உங்களத் தவிர ஒருத்தருக்கும் ஏலாதே."

"அவன் எனக்கு மருமகன் முற."

"உங்கட மகளையா கட்டியிரிக்கான்?"

"இல்ல. என்ட தங்கச்சிட மகள."

எனக்குப் பெரிய நிம்மதி. தங்கச்சியின் மகளைத்தானே கட்டியிருக்கிறான், பெற்ற மாமி இல்லையே. அப்படியென்றால் இவர் சின்னமாமி மாதிரி, வட்டிலப்பத்துப் பகிடி மாதிரி. "சொந்த மாமி இல்லதானே. மறுகா என்ன? ஒரு அரைமணித்தியாலம்தான்" என்றேன்.

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. மருந்து அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதிலுக்குக் காத்திருந்தேன், சீருடையோடு, இடுப்பில் துப்பாக்கியோடு, சிரித்த முகத்தோடு. "ஓம்" என்றார்.

விசாரணை அறை எட்டடிக்கு எட்டடி. ராத்தா உள்ளே வந்து, கதிரையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மெக்கானிக் தொப்பியை முகத்துக்கு இழுத்து, குனிந்து, தன் முழங்காலைப் பார்த்தார். நான் கேட்ட கேள்வியை ராத்தா சுவருக்குச் சொன்னார், காற்று மாதிரி ஒரு குரலில். அவர் சொல்லி முடிக்கு முன்னே மெக்கானிக் நேராக ஆங்கிலத்தில் "யெஸ்" என்றார்.

கடையை உடைத்தது நீயா? யெஸ். தனியாகவா? யெஸ். உன்னோடு வேறு ஆட்களும் இருந்தார்களா? யெஸ்.

தனியாக என்றதும் ஓம், ஆட்களோடு என்றதும் ஓம். என் வாப்பாவின் மகன் நான். அதைக் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். பதினாலு கேள்வி, பன்னிரண்டு நிமிடம். நல்ல ஒத்துழைப்பு என்று குறிப்பில் எழுதினேன். ராத்தா எழும்பிப் போகும்போது கதவுச் சட்டத்தில் தோள் இடித்தது. நான் "கவனம்" என்றேன்.

மறுநாள் மெக்கானிக்கைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய எச்சரிக்கை இருந்தபடியால் பிணை இல்லை.

5

பத்து நாள் கழித்து, அறுபது கிலோமீற்றர் தள்ளி ஒரு சிறு குடியிருப்பில் இருந்த முதியவர் ஒருவர் இறந்துபோனார். நெஞ்சு வருத்தக்காரர். மெக்கானிக்கின் தகப்பனுடைய மூத்த சகோதரர். தகப்பன் சிறு வயதிலேயே போய்விட்டதால் இவர்தான் வளர்த்தவர். நம் வழக்கில் பெரிய வாப்பா. அவர்கள் வழக்கில் வாப்பா, அவ்வளவுதான்.

மையித்துக்கு ஆட்கள் சேரத் தொடங்கியபோதுதான் ஒரு கதை என் காதுக்கு வந்தது. கடை உடைந்த இரவு மெக்கானிக் இங்கே இல்லையாம். அந்தப் பெரியவரின் காரைத் திருத்திக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கிறார். ஸ்பானரை யாருக்கோ இரவல் கொடுத்திருந்தார். அங்கே அப்போது அவரும் பெரியவரும் மட்டும். பெரியவரை நாங்கள் போய்க் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? ஆள்தான் பதினாலு தரம் ஓம் என்றுவிட்டாரே. இப்போது கேட்கவும் முடியாது.

நமக்கு மையித்து என்றால் அன்றே, மிஞ்சினால் மறுநாள். இங்கே ஒரு மாதம், ஒன்றரை மாதம் காத்திருப்பார்கள். தூரத்தில் உள்ளவர்கள் எல்லாம் வந்து சேர வேண்டும், பட்டணத்துக் குளிரறையில் மையித்து காத்திருக்கும். சிறையிலிருப்பவரை அடக்கத்துக்கு அனுப்பவும் ஒரு படிவம் உண்டு. இறந்தவர் என்ன உறவு என்ற கட்டத்தில் சார்ஜன்ட் ஆங்கில முறைப்படி எழுதி அனுப்பினார். நெருங்கிய உறவுக்கு மட்டும்தான் அனுமதி என்று திரும்பி வந்தது. நான் கட்டத்தை மாற்றித் தகப்பன் என்று எழுதி அனுப்பினேன். தகப்பன் ஏற்கெனவே இறந்ததாகப் பதிவில் இருக்கிறது என்று மறுபடி திரும்பி வந்தது. ஒரு மனிதனுக்கு இரண்டு தகப்பன் இருக்கக் கட்டத்தில் இடமில்லை.

அந்த வாரம் பாடசாலை விடுமுறைக்குப் பர்ஸானாவும் ஹனாவும் ஊருக்குப் போயிருந்தார்கள். ஹனாவுக்கு அப்போது பதின்மூன்று. நாம் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது. ஊரில் அவளுக்கு எல்லாம் வேடிக்கை. ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது, வழக்கம்போல ஃபேன். நான் சலாம் சொன்னேன். "அவருக்குச் சொல்லு புள்ள, இஞ்ச நல்ல மழை எண்டு" என்று தூரத்தில் மாமியின் குரல். திடீரென்று ஃபேன் ஆடியது. ஹனா போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், சிரிக்கிறாள். படம் நிமிர்ந்து நின்றது.

மாமி குசினி நிலத்தில் அருவாமனைக்கு முன்னால் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையில் சீலை இல்லை. முடி முழுதும் வெள்ளை, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பதினொரு வருடத்தை நான் ஒரே தடவையில் பார்த்தேன். அவர் நிமிர்ந்தார், என் முகம் அந்தச் சிறிய கண்ணாடியில் இருந்தது. மீனை வைத்தார். செதில் ஒட்டிய கையாலேயே சீலையைத் தலைக்கு இழுத்தார். அப்படியே குந்தியபடி திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஹனா ஆங்கிலத்தில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். பர்ஸானா போனைப் பறித்து அணைத்தாள்.

நான் அந்த முதுகை முன்பே பார்த்திருந்தேன், எட்டடிக்கு எட்டடி அறையில்.

எழும்பி நிலையத்துக்குப் போய்க் குசினிக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தாளை முதல் தடவையாக வாசித்தேன். ஆறாவது வரி. மாமியார், மருமகன் முறையுள்ளவர்களை ஒரே அறையிலோ ஒரே வண்டியிலோ வைக்காதே. பெற்ற மாமியார் மட்டுமல்ல, அவருடைய சகோதரிகள் எல்லாருக்கும் இது பொருந்தும். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவோ பார்க்கவோ மாட்டார்கள். ஒன்றும் தெரியாத ஒருவன் அந்தத் தாளை வாசித்திருப்பான். வாசித்து அதன்படி நடந்திருப்பான். மெக்கானிக்கும் அன்று வீட்டுக்குப் போயிருப்பார்.

6

இதற்குப் பிறகு நான் உடனே ஓடிப்போய் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசை. நாலு நாள் ஒன்றும் செய்யவில்லை.

என் நகர மாற்றம் அந்த மாதம்தான் அனுமதியாகி இருந்தது. பர்ஸானா பெரிய வீடு பார்த்துவிட்டாள். ஹனாவின் பாடசாலைக்குப் பக்கத்து நிலையத்தில் எனக்கு மேசை. இரண்டு வருடத்துக்கு மேலாக மகளை விடுமுறைக்கு விடுமுறைதான் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பாள், தமிழ் இரண்டு அங்குலம் குறைந்திருக்கும். விசாரணையில் விதி மீறினேன் என்று என் கையாலேயே எழுதினால் மாற்றம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாலு நாளும் வெட்கமாகவோ கவலையாகவோ இருக்கவில்லை. மரத்துப்போய் இருந்தது. ஐந்து நேரம் தொழுதேன், ரோந்து போனேன், சோறாக்கினேன், படுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கம்.

நாலாம் நாள் பர்ஸானா ஊரிலிருந்து அழைத்தாள். "உம்மா நாலு நாளாச் சரியாச் சாப்பிடல்ல. அவர் என்னத் தலைல சீலையில்லாமப் பாத்திட்டாரே எண்டு அதையே சொல்றா."

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க எழுதாட்டி என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் நடக்காது."

"ஒங்களுக்கா, அவருக்கா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எழுதுங்க. ஹனாவுக்கு நீங்களே சொல்லுங்க. என்னால ஏலாது."

அன்று பின்னேரம் எழுதினேன். மூன்று பக்கம். அவர் மறுத்தார், நான் வற்புறுத்தினேன், விதி குசினிக் கதவில் இருந்தது, நான் வாசிக்கவில்லை. சார்ஜன்ட் இரண்டு தடவை வாசித்தார். நல்ல மனுசன். "இது உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது" என்றார். "ராத்தாவுக்குத் தெரியும்" என்றேன். அவருக்கு ராத்தா யாரென்று விளங்கவில்லை. விளக்கினேன். ஒரு பெருமூச்சோடு முத்திரை குத்தி அனுப்பினார்.

ஹனாவிடம் சொன்னபோது, அவள் "ஓகே வாப்பா" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த ஒலிப்பதிவு செல்லாது என்று ஒதுக்கினார்கள். அதைக் கழித்தால் வழக்கில் மிஞ்சியது ஒரு ஸ்பானர். அடக்கத்துக்கு முதல்நாள் காலையில் விடுதலைக் கடிதம் வந்தது. கடையை யார் உடைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் மாற்றம் நின்றது. விசாரணை, எச்சரிக்கை, மேலும் இரண்டு வருடம் இங்கேயே. ராத்தா இன்றும் கிளினிக்கில்தான் இருக்கிறார். கண்டால் தலையசைப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார். மொழிபெயர்க்க மட்டும் இனி வரமாட்டார், யாருக்காகவும். ஆகவே நாங்கள் பதினாறு நாள் என்றாலும் காத்திருக்கிறோம்.

7

சிறை வாசலிலிருந்து மெக்கானிக்கை நானே கூட்டிவந்தேன். வேறு ஆள் போகட்டும் என்று சார்ஜன்ட் சொன்னார், நான் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தார். நான் முன்கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் பழக்கத்தில் பின்னால் போய், கைதிகளை ஏற்றும் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். இருநூறாவது கிலோமீற்றரில் டீசல் அடிக்க நிறுத்தியபோது, இறங்கி, கால் நீட்டி, முன்னால் வந்து ஏறினார்.

மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். கேட்டேன். அவர் "யெஸ்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து மறுபடி கேட்க எனக்குத் தாங்கவில்லை. பிறகு இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

குடியிருப்புக்கு ஆறு கிலோமீற்றர் இருக்கையில் விமான ஓடுபாதையருகே ரோட்டு இரண்டாகப் பிரியும். நேர் ரோட்டு கிளினிக்கைத் தாண்டிப் போகும். அங்கே மரத்தடியில் பெண்கள் துக்கத்துக்குக் கூடியிருப்பார்கள், ராத்தாவும் இருப்பார். மற்றது குப்பை கொட்டும் இடத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வரும். மெக்கானிக் கை நீட்டவில்லை. உதட்டைக் குவித்துச் சுற்று ரோட்டைக் காட்டினார். நான் ஒன்றும் கேட்காமல் ஜீப்பை அந்தப் பக்கம் திருப்பினேன்.

கேட்காததுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கட ஊரிலயும் இரிக்கி" என்றேன். மாமி கதவுக்குப் பின்னால் நிற்பதைச் சொன்னேன். வேலிப் பக்கமாகச் சுற்றிப் போவதைச் சொன்னேன். போனை மல்லாத்தி வைப்பதைச் சொன்னேன்.

"ஃபேனா?" என்றார்.

"ஓம். பதினொரு வருசமா ஃபேன்."

சிரித்தார். நல்ல சிரிப்பு, தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு எனக்கு மனம் கொஞ்சம் இளகியது போல இருந்தது. குப்பை மேட்டைத் தாண்டும்போது அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப ஒனக்குத் தெரியும்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. என்னோடு சேர்ந்து ஒரு விஷயத்தைச் சரிபார்க்கிற மாதிரித்தான் சொன்னார்.

"ஓம்" என்றேன். "தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அழுகைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. நான் ஜீப்பைத் திருப்பி நிலையத்துக்கு வந்து ஓட்டப் பதிவை எழுதினேன். வழக்கமான தூரத்தைவிடப் பதினொரு கிலோமீற்றர் கூடுதலாக இருந்தது. கூடியதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. சென்ற வாரம் பார்த்தபோதும் அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் இருந்தது.